தீக்காவலனின் காடு: ஒரு கணினி விளையாட்டின் இயற்கைச் சித்திரிப்புப் பற்றிய நோக்கு

கலையில் இடம்பெறும் இயற்கை, அக்கலையை ஆக்கியோர் இயற்கையை எவ்வாறு நோக்கினர் என்பதையே முதற்கண் புலப்படுத்துகின்றது. காட்டைக் கண்டு மனிதன் அஞ்சிய காலமும், அதனை அழித்து விளைநிலமாக்கிய காலமும், எஞ்சியதை வேலியிட்டுக் காத்து விடுமுறை நாளிற் சென்று பார்க்கும் காலமும் வரலாற்றில் அடுத்தடுத்து வந்துள்ளன. கவிதை, ஓவியம், நாவல், திரைப்படம் ஆகியவற்றில் இம்மாற்றங்கள் பதிந்துள்ளமை பற்றி விமரிசகர் பலர் எழுதியுள்ளனர். ஆனால் கடந்த சில தசாப்தங்களிற் பெருவளர்ச்சி கண்ட கணினி விளையாட்டினை இவ்வகையில் நோக்கும் முயற்சிகள் தமிழில் அரிதாகவே உள்ளன. அதனைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவோரும் உளர். தொழில்நுட்ப வித்தையென வியப்போரும் உளர். அதனை ஒரு படைப்பாக எடுத்து, அதன் பொருளையும் உருவத்தையும் இணைத்து நோக்கும் பணியை இரு சாராருமே செய்வதில்லை.

கணினி விளையாட்டில் மலை, மரம், பாறை, நீர், வானம் என்பவற்றை ஆக்கி ஒழுங்குபடுத்துபவர் சூழல் ஓவியர் எனப்படுவர். பெரிய நிறுவனங்களில் இத்தொழில் பல நூறு பேரிடையே பங்கிடப்படுவதால் எந்த மரம் எவர் கைப்பட்டது என்று அறிதல் அரிது. சிறு குழுக்கள் தம் முயற்சியில் ஆக்கும் விளையாட்டுக்களிலோ ஒருவரது கையும் கண்ணும் தெளிவாகத் தெரியும். அத்தகைய படைப்புக்களுள் ஒன்றே 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெளிவந்த 'ஃபயர்வோச்'. தீக்காவல் என்பது இதன் பொருள். ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2013இல் தொடங்கப்பட்ட கம்போ சாந்தோ என்னும் சிறு நிறுவனம் இதனை ஆக்கியது. இதன் காட்சியழகுக்கு அடிப்படையிட்டவர், திரைப்படச் சுவரொட்டிகளாற் புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் ஒல்லி மொஸ். அவர் தட்டைத் தளத்திலே தீட்டியதை நடந்து திரியத்தக்க காடாக மாற்றும் பொறுப்பு முதன்மையாக ஜேன் இங் என்னும் சூழல் ஓவியருடையது. இக்கட்டுரையின் கவனம் பெரிதும் பின்னவரின் பணி மீதே செல்கின்றது.

கதை 1989ஆம் ஆண்டுக் கோடையில், வயோமிங் மாநிலத்தின் ஷொஷோனி தேசிய வனத்தில் நிகழ்கின்றது. இவ்வனம் கற்பனையன்று. யெல்லோஸ்ரோன் பூங்காவின் கிழக்கெல்லையை ஒட்டிக் கிடக்கும் இவ்வனப்பகுதி 1891இலேயே அரச பாதுகாப்புக்குட்பட்டது. ஆண்டுத் தெரிவும் தற்செயலானதன்று. முந்திய ஆண்டான 1988இல் யெல்லோஸ்ரோன் பூங்காவின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நிலப்பரப்பு தீயினாற் பாதிக்கப்பட்டது. செப்டெம்பர் மாதம் பெய்த மழையும் பனியுமே அத்தீயைத் தணித்தன. அந்த நினைவு அகலாத கோடையில், காவற் கோபுரமொன்றில் தனித்திருந்து புகை எழுகின்றதா எனப் பார்க்கும் வேலையை ஏற்று வருகிறான் ஹென்றி. அவன் மனைவி ஜூலியா இளவயதிலேயே நினைவிழப்பு நோய்க்கு ஆளாகி, அவுஸ்திரேலியாவிலுள்ள தன் பெற்றோரின் பராமரிப்பிற் சேர்ந்துவிட்டாள். ஹென்றி காட்டுக்கு வருவது காட்டின்மீது கொண்ட காதலால் அன்று. வீட்டிலே தன்னைக் காத்திருக்கும் கடமையை எதிர்கொள்ள முடியாமையே அவனை அங்கு கொண்டுவருகின்றது. வேறொரு கோபுரத்திலிருந்து கையடக்க வானொலிக் கருவி மூலம் பேசும் டெலிலா என்னும் பெண்ணே அக்கோடை முழுவதும் அவனுக்குத் துணை.

இக்காட்டினை முதன்முதற் காண்போர் அதன் நிறங்களிலே மயங்குவர். செம்மஞ்சள் வானம், அதன்முன் ஊதா நிற மலைத்தொடர், அதற்கும் முன்னே கருமை படர்ந்த ஊசியிலை மரங்கள் என அடுக்கடுக்காக நிலம் பிரிந்து நிற்கின்றது. இது வயோமிங் காட்டின் நேர்ப்பிரதியன்று. இதன் முன்னோடிகளை 1930களின் சுவரொட்டிகளிற் காணலாம். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது ரூஸ்வெல்ற் அரசாங்கம் 1935இல் தொடக்கிய வேலைத்திட்டத்தின் கீழ், தொழிலிழந்த ஓவியர் பலர் அரச சம்பளத்திற் பணிக்கமர்த்தப்பட்டனர். 1938க்கும் 1941க்கும் இடையில் அவர்கள் தேசியப் பூங்காக்களுக்கென ஆக்கிய சுவரொட்டிகள் பட்டுத்திரை அச்சுமுறையில் அமைந்தவை. அம்முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்திரை வேண்டும். நிறம் கூடினால் உழைப்பும் செலவும் கூடும். ஆதலின் ஓவியர் சில நிறங்களையே தெரிந்து, நுணுக்கங்களை விலக்கி, மலையையும் வானையும் தட்டையான நிறத்தளங்களாக வகுத்தனர். அச்சுமுறையும் செலவும் விதித்த கட்டுப்பாடு நாளடைவில் ஓர் அழகியலாக நிலைபெற்றது. கலையின் உருவம் உற்பத்தி முறையோடு கொண்டுள்ள உறவுக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

அவ்வழகியலை நூற்றாண்டின் பெரும்பகுதி கழிந்தபின் கணினித் திரைக்குக் கொணர்ந்தபோது எழுந்த பிரச்சினையே ஜேன் இங்கின் பணியைச் சுவையுடையதாக்குகின்றது. சுவரொட்டிக்குப் பார்வைக்கோணம் ஒன்றே. ஓவியன் விரும்பிய இடத்தில் மலையும், விரும்பிய இடத்தில் மரமும் நிற்கும். பார்ப்பவன் சட்டகத்துக்குள் நுழைந்து மரத்தின் மறுபக்கத்தைக் காண இயலாது. விளையாடுபவனோ எங்கும் நடப்பான், திரும்பிப் பார்ப்பான், பாறைமீதேறி நிற்பான், மரத்தடிக்குச் சென்று அண்ணாந்து நோக்குவான். ஒரு கோணத்திற் சித்திரமாக அமைந்த காட்சி மறு கோணத்திற் சிதறிவிடக்கூடும். எனவே ஒரு நல்ல படத்தை ஆக்குவதோடு சூழல் ஓவியரின் பணி முடிவதில்லை. காண்பவன் எங்கு நின்றாலும் நல்ல படமொன்று அமைவதற்கான வாய்ப்பை நிலத்துக்குள்ளேயே பொதிந்து வைத்தல் வேண்டும். மேடை நாடகத்துக்குத் திரைச்சீலை தீட்டுவதற்கும் பூந்தோட்டம் வகுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவெனலாம்.

இதற்கு அவரும் அவர் குழுவினரும் கண்ட வழிகளுள் மூடுபனி முதன்மையானது. கணினிக் காட்சிகளில் மூடுபனி பழைய உத்தியே. பொருள் தூரமாகத் தூரமாக அது ஒரே நிறத்திற் கரைந்து மறையும். தொலைவிலுள்ளவற்றை வரையும் சுமையைக் கருவிக்குக் குறைப்பதற்கே அது பெரிதும் பயன்பட்டது. இவ்விளையாட்டிலோ தூரத்துக்கேற்ப நிறமும் மாறுகின்றது. அண்மையிலுள்ளவை ஒரு நிறத்தையும், இடைத்தூரத்தில் உள்ளவை வேறொன்றையும், சேய்மையில் உள்ளவை பிறிதொன்றையும், முன்கூட்டித் தீட்டிவைத்த நிறப்பட்டியொன்றிலிருந்து பெறுகின்றன. நடப்பவன் முன்னேற முன்னேற மலை ஊதாவிலிருந்து நீங்கி மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து தன் இயல்பான பழுப்புக்கும் வருகின்றது. அச்சுக்கூடத்திலே திரை திரையாகப் பதிக்கப்பட்ட நிறவடுக்கு, இங்கு நடப்பவனின் காலடியோடு இயங்குகின்றது. குறையை மறைக்கப் பிறந்த உத்தி பொருளுணர்த்தும் உத்தியாக உயர்ந்தமை பாராட்டற்பாலது.

மரங்களைப் பொறுத்தவரை சிக்கனம் மேலும் துலக்கமாகத் தெரிகின்றது. குறைந்த தொகையான மரவடிவங்களே ஆக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப நடப்பட்டுள்ளன. ஒவ்வோர் இலையையும் தனித்தனி காட்டும் முயற்சி இங்கில்லை. மரத்தின் புறவரைவே முதன்மை பெறுகின்றது. பின்னே வானம் ஒளிரும்போது ஊசியிலை மரமொன்று எவ்வாறு கறுத்துத் தெரியும் என்பதையே ஓவியர் கருத்திற் கொண்டுள்ளார். அதேவேளை இம்மரங்கள் மனம்போனபடி இறைக்கப்பட்டவையுமல்ல. இடம் பார்த்து, ஒன்றையொன்று மறைத்தும் திறந்தும் நிற்குமாறு கையால் வைக்கப்பட்டவை. ஒடுங்கிய பாறைவழி திடீரென விரிந்து பள்ளத்தாக்கொன்றைக் காட்டுவதும், வளைவொன்றைக் கடந்ததும் கோபுரம் கண்ணிற் படுவதும் இவ்வைப்புமுறையின் விளைவுகளே. விளையாடுபவன் கையில் வரைபடமும் திசையறி கருவியும் உள. அவற்றைப் பார்த்து, பின் தலைநிமிர்ந்து நிலத்தைப் பார்த்தே அவன் வழியறிய வேண்டும். நிலத்தை வாசிக்க வேண்டிய தேவை இவ்வாறு எழுவதால், அழகுக்கென வைக்கப்பட்ட பாறை வழிக்குறியாகவும் தொழிற்படுகின்றது.

அதே 2016ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் 'நோ மான்ஸ் ஸ்கை' என்னும் மற்றொரு விளையாட்டு வெளிவந்தது. அதுவும் ஒரு சிறு குழுவின் ஆக்கமே. கணிதச் சூத்திரங்களைக் கொண்டு, இரண்டின் 64ஆம் அடுக்கு என்னும் எண்ணிக்கையளவான கோள்களை அது உருவாக்கிக் காட்டியது. ஒரு கோளிலாவது மனிதனின் கை இன்ன இடத்தில் இந்த மரத்தை வைக்க வேண்டுமென்று எண்ணி வைத்ததில்லை. விதிகளை மட்டுமே மனிதன் வகுத்தான். இரண்டையும் ஆடியோருக்கு வேறுபாடு எளிதிற் புலப்படும். முன்னது சில மணித்தியாலங்களில் நடந்து முடிக்கத்தக்க சிறு காடு. ஆனால் அதன் வளைவுகளும் ஓடைகளும் மனதில் நிலைக்கின்றன. பின்னதன் பரப்பு மனித ஆயுளுக்குள் அடங்காதது. எனினும் அதன் நிலக்காட்சிகள் ஒன்றோடொன்று மயங்கி நினைவில் மங்குகின்றன. பரப்பினைப் பெருமையாகக் கொள்ளும் விளம்பர உலகில், தேர்ந்து விலக்கும் சிறுகதையாசிரியனின் கட்டுப்பாட்டை ஜேன் இங்கின் காட்டிற் காண்கிறோம்.

இவையனைத்தும் திறன் பற்றியன. இத்திறன் எதற்குப் பயன்பட்டது என்பதே விமரிசனம் எழுப்பவேண்டிய வினா.

ஹென்றி ஓடிவந்தவன். அவன் அடைந்த இடம் வறண்ட பாலையாகவோ அச்சுறுத்தும் இருட்காடாகவோ இருந்திருப்பின், அவன் ஓட்டம் தண்டனையாக மாறியிருக்கும். நமக்கும் அவன்மீது இரக்கம் எளிதிற் பிறந்திருக்கும். அவன் வந்தடைவதோ சுவரொட்டியை ஒத்த காடு. அதன் அழகே அவனுக்குரிய சோதனை. மாலை வெயில் கோபுரத்தின் கண்ணாடிகளிற் படியும்போது அங்கேயே தங்கிவிட வேண்டுமென்று அவனுக்குத் தோன்றுவதுபோல் ஆடுபவனுக்கும் தோன்றுகின்றது. நோயுற்ற மனைவியை மறந்திருத்தல் எவ்வளவு இனிது என்பதைச் சொற்களால் உரைக்காமல், நிறங்களால் நம் உடலில் உணர்த்துவதிலேயே சூழல் ஓவியரின் பங்கு கதாசிரியரின் பங்குக்கு நிகராகின்றது. இக்காடு அழகாக இருப்பதற்காக நாம் வெட்கப்பட வேண்டியுள்ளது. நிலக்காட்சி இத்தகைய அறச்சிக்கலை எழுப்புதல் இக்கலைவடிவத்திற் பொதுவாகக் காணப்படாத ஒன்று.

நெட் என்னும் மனிதனின் கதை இச்சிக்கலை மேலும் இறுக்குகின்றது. முன்னொருகால் அதே கோபுரத்திற் காவலிருந்த அவன், தன் மகன் பிறையன் குகையொன்றில் விழுந்திறந்ததை உலகுக்குச் சொல்ல அஞ்சி, காட்டிலேயே ஒளிந்து வாழ்கின்றான். ஹென்றி திரும்பிச் செல்லாவிடின் என்னவாவான் என்பதற்கு நெட் சாட்சி. திறந்த வானும் நிறவடுக்குகளும் நிறைந்த இவ்விளையாட்டில், அச்சிறுவனின் உடல் கிடக்கும் குகை வானமும் தூரமும் அற்ற இடம். மூடுபனியின் நிறங்கள் அங்கு பயன்படா. கைவிளக்கின் ஒளிவட்டத்தில் அண்மையிலுள்ள பாறை மட்டுமே தெரியும். தூரத்தின் அழகைக்கொண்டு ஆக்கப்பட்ட படைப்பு, உண்மை வெளிப்படும் இடத்தில் தூரத்தையே பறித்துவிடுகின்றது.

கதை 79ஆம் நாளில் முடிகின்றது. ஒவ்வொரு நாளுக்கும் உரிய பொழுதும் ஒளியும் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. இறுதியை அணுக அணுகக் காட்டுத்தீயின் புகை எங்கும் படர்கின்றது. தொடக்க நாட்களில் மாலையழகாக நின்ற செம்மஞ்சள் நிறம் இப்போது மூச்சுத்திணறலின் நிறமாகின்றது. நிறப்பட்டி பெரிதும் மாறவில்லை. பொருள் தலைகீழாக மாறிவிட்டது. பழந்தமிழ்த் திணைக்கோட்பாட்டை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. பாலை தனக்கென நிலமில்லாதது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் நல்லியல்பு இழந்த நிலையே பாலை என்றும், அதன் உரிப்பொருள் பிரிவென்றும் நம் மரபு கூறும். பிரிந்து வந்தவனின் கதை எரியும் காட்டில் முடிவதைக் கண்டு இரண்டையும் ஒன்றெனக் கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறல் தகாது. வயோமிங் காட்டை ஆக்கியோர் தொல்காப்பியத்தைக் கருத்திற் கொண்டவரல்லர். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, இவ்விளையாட்டின் பெரிய குறையொன்று துலக்கமாகின்றது.

திணையின் நிலம் வெறும் நிலமன்று. மரமும் பறவையும் விலங்கும் மட்டுமன்றி, உணவும் தொழிலும் பறையும் தெய்வமும் அதன் கருப்பொருள்களாகும். அந்நிலம் மனிதர் உழைத்து வாழ்ந்த நிலம். ஜேன் இங்கின் காடோ ஆளில்லாக் காடு. தொலைவில் நிழலுருவாகச் சிலர் தோன்றுவர். எவர் முகமும் தெளிவாகத் தெரிவதில்லை. விலங்குகளும் மிகச் சிலவே. சிறு குழுவொன்று மனித உருவங்களை அசைத்துக் காட்டும் பெருஞ்செலவைத் தவிர்க்க விரும்பியிருக்கலாம் என்பதும், தனிமையே கதையின் பொருள் என்பதும் உண்மையே. ஆனால் இவ்வெறுமை அவ்விரண்டினால் மட்டும் விளைந்ததன்று. முன்மாதிரியாக நின்ற சுவரொட்டிகளின் வழியாகவும் அது வந்து சேர்ந்தது.

வனத்தின் பெயரே அவ்வெறுமையை மறுக்கின்றது. ஷொஷோனி என்பது அப்பகுதியில் வாழ்ந்த, இன்றும் வாழும் ஒரு மக்களினத்தின் பெயர். 1868இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட விண்ட் றிவர் நிலப்பகுதி இவ்வனத்தை அடுத்தே உள்ளது. 1872இல் யெல்லோஸ்ரோன் பூங்கா அமைக்கப்பட்ட பின், அம்மலைகளிற் காட்டாடுகளை வேட்டையாடி வாழ்ந்த ஷொஷோனிப் பிரிவினர் தம் நிலத்தை இழந்தனர். மனிதர் அகன்ற பின்னரே அந்நிலம் மனிதர் கைபடாத இயற்கை என்னும் பெயரைப் பெற்றது. வரலாற்றாசிரியர் வில்லியம் குறோனன் 1995இல் எழுதிய கட்டுரையில், தீண்டப்படாத வனம் என்னும் கருத்தே மனிதப் பண்பாடு ஆக்கிய ஒன்று என வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஹென்றியின் ஓட்டத்தைக் கேள்விக்குள்ளாக்கும் இவ்விளையாட்டு, அவன் ஓடிவந்த இடம் ஏன் வெறுமையாக இருக்கின்றது என்று மட்டும் கேட்கவில்லை. தனிமனித மனச்சாட்சியின் எல்லை வரை வந்த படைப்பு, வரலாற்றின் வாயிலில் நின்றுவிட்டது.

தீயின் சித்திரிப்பும் இதனையொத்ததே. யெல்லோஸ்ரோன் காடுகளிற் பெருவாரியாக வளரும் ஒருவகைத் தேவதாரு மரத்தின் காய்கள் பல, தீயின் வெம்மை பட்டபோதே பிசின் இளகி விதையை வெளியிடும். 1988இல் எரிந்த இடங்களிற் பெருந்தொகையான இளங்கன்றுகள் தாமாகவே முளைத்தன. ஐக்கிய அமெரிக்க வனசேவை 1935 முதல் எத்தீயையும் மறுநாட் காலைக்குள் அடக்க வேண்டுமென்ற கொள்கையைப் பல தசாப்தங்கள் கடைப்பிடித்தது. காவற் கோபுரங்கள் அக்கொள்கைக்குக் கண்களாயின. தீ அக்காட்டின் வாழ்வில் ஒரு பகுதி என்ற அறிவு பின்னரே பரவலாயிற்று. விளையாட்டிலோ தீ பெரும்பாலும் உளநெருக்கடியின் உருவகம். கதையை முடித்துவைக்கும் வசதி. எரிந்தபின் முளைக்கும் காட்டை அது காட்டியிருப்பின், ஹென்றி திரும்பிச் செல்வதற்கும் வேறொரு பொருள் கிடைத்திருக்கும்.

இக்குறைகளைச் சுட்டுவதால் படைப்பின் பெறுமதி குன்றிவிடாது. ஆயினும் அதன் அழகு எத்துணை எளிதாகக் கதையினின்றும் கழன்று செல்கின்றது என்பதற்கு வேறு சான்றுகளும் உள. கதைக்குள் ஹென்றி கண்டெடுக்கும் படக்கருவியால் ஆடுபவர் எடுக்கும் படங்கள் முடிவில் வரிசையாகக் காட்டப்படுகின்றன. கணினியில் ஆடியோர் அவற்றை அச்சிட்டுத் தபாலிற் பெறவும் வசதி செய்யப்பட்டிருந்தது. அதே ஆண்டில் மோட்டார்வண்டி விற்பனை நிறுவனமொன்று இவ்விளையாட்டின் காட்சியை உத்தரவின்றித் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியமையும் செய்தியாயிற்று. சுற்றுலாவை ஊக்குவிக்கப் பிறந்த சுவரொட்டி, நினைவிழந்த மனைவியின் துயரக்கதை ஊடாகப் பயணஞ்செய்து, மீண்டும் விளம்பரமாகவே வந்து நிற்கின்றது.

2016இன் பிற்பகுதியில் சேர்க்கப்பட்ட ஒரு வசதி இதனினும் கருத்தூன்றி நோக்கத்தக்கது. கதை இன்றி, டெலிலாவின் குரலின்றி, இரவும் பகலும் மாறி மாறி வர, காட்டில் விரும்பியவாறு அலைய அது இடமளித்தது. ஜேன் இங்கின் உழைப்பைத் தனித்து நோக்க இதைவிட நல்வாய்ப்பு இல்லை. பாறைகளின் வைப்பும் நிறங்களின் மாற்றமும் அவ்வாறே உள, கண் களிக்கின்றது. ஆனால் சிறிது நேரத்தில் நடை தளர்கின்றது. எவரிடமிருந்தும் ஓடாதவனுக்கு இக்காடு அஞ்சலட்டையாகிவிடுகின்றது. இதனைச் சூழல் ஓவியரின் தோல்வியெனக் கொள்வது தவறு. அவர் வைத்த ஒவ்வொரு மரமும் ஹென்றி என்னும் குற்றவுணர்வுடைய மனிதனின் கண்களுக்காக வைக்கப்பட்டது. அக்கண்களை அகற்றிவிட்டால் மரம் தன் பொருளில் ஒரு பகுதியை இழத்தல் இயல்பே.

கதையின் இறுதியில் ஹென்றி, கோடை முழுதும் தொலைவிலிருந்தே கண்ட டெலிலாவின் கோபுரத்தை அடைகின்றான். அவள் முந்திய ஹெலிகொப்டரிற் சென்றுவிட்டாள். ஊதா நிறத் தொலைவாக, மலைக்கப்பால் ஒரு புள்ளி வெளிச்சமாக இருந்த இடம், அண்மையில் வந்து பார்க்கும்போது அவன் கோபுரத்தைப் போன்றதே. அவள் விட்டுச்சென்ற பொருள்கள் சில அங்கு கிடக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே புகை மூடி நிற்கின்றது. மேசைமீதுள்ள வானொலிக் கருவியில் அவள் குரல், ஜூலியாவைச் சென்று பார் என்கின்றது.